கீரைப் பாத்தியும் வீட்டுமனைப் பட்டாவும்

(சாந்திபுரத்தில் நடைபெற்ற வெளியூர்த் தமிழ்க் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"வெளியூரில் நம் வீட்டுச் சமையலும் வீட்டுத் தோட்டமும்" என்ற தலைப்பில் என்னைப் பேசச் சொன்னார்கள். அறிவிப்பைப் பார்த்த ஒரு தோழர், "சங்கக் கூட்டத்திலே கூலியைப் பற்றிப் பேசாமல் குழம்பைப் பற்றி என்ன பேச்சு?" என்று கேட்டாராம். நியாயமான கேள்விதான். அவரை நான் திருப்பி ஒன்று கேட்கிறேன். சனிக்கிழமை வாங்கும் கூலி, அடுத்த சனிக்கிழமைக்குள் எந்த வாசல் வழியாக வெளியே போகிறது? அடுப்படி வாசல் வழியாகத்தானே? அப்படியானால் அடுப்படியைப் பற்றிப் பேசுவதும் கூலியைப் பற்றிப் பேசுவதுதான்.

இன்று காலை பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே பந்தலுக்கு வராமல், நம்மவர்கள் குடியிருக்கும் தெருக்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தேன். ஒவ்வொரு வாசலிலும் என்ன பச்சை இருக்கிறது என்று பார்த்தேன். பெயின்ட் டப்பாவில் கொத்தமல்லி. உடைந்த பிளாஸ்டிக் குடத்தில் புதினா. சிமென்ட் சாக்கில் மண் நிரப்பி இரண்டு தக்காளிச் செடி. சாக்கடை ஓரத்தில் ஒரு முழ அகலத்துக்குச் சிறுகீரை. சும்மா சொல்லக் கூடாது, இடமே இல்லாத இடத்தில் நம் பெண்கள் எதையாவது முளைக்க வைத்திருக்கிறார்கள்.

ஒரே ஒரு வாசலில் மட்டும் முருங்கை மரம் நின்றது. நல்ல மரம், கை பருமனுக்குக் கிளை விட்டிருக்கிறது. அந்த வீட்டு அம்மாவிடம், "எத்தனை வருஷ மரம்?" என்று கேட்டேன். "பட்டா வந்த வருஷம் வெச்சது" என்றார். "அதுக்கு முன்னாலே வாடகை வீட்டிலே இருந்தீங்களே, அங்கே ஏன் வைக்கலே?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "நாம நட்டுட்டு எவனோ துன்றதா, அக்கா?"

தோழர்களே, நான் இன்று பேச வந்த பேச்சு முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

செடி சொல்லும் கணக்கு

சிறுகீரை விதைத்தால் 25 நாளில் பிடுங்கலாம். வெந்தயக் கீரைக்கு மூன்று வாரம் போதும். கத்தரி காய்ப்பதற்கு இரண்டு, இரண்டரை மாதம். வாழைக்கு ஏறத்தாழ ஓராண்டு. முருங்கையில் விதை போட்டு வளர்க்கும் பெரியகுளம்-1 என்ற செடிமுருங்கை ஆறு மாதத்தில் காய்க்கும். போத்து நட்டு வளர்க்கும் நாட்டு முருங்கைக்கு ஓராண்டாவது ஆகும். கறிவேப்பிலை கை நிறையப் பறிக்கும்படி வளர மூன்று ஆண்டு. எலுமிச்சைக்கும் அவ்வளவு காலம் பிடிக்கும். நெட்டைத் தென்னைக்கு ஆறேழு ஆண்டு.

இப்போது நம் வாசல்களை நினைத்துப் பாருங்கள். கொத்தமல்லி, புதினா, சிறுகீரை, தக்காளி. எல்லாம் மூன்று மாதத்துக்கு உட்பட்ட பயிர். இது நம் பெண்களுக்குத் தோட்டம் போடத் தெரியாததால் வந்ததா? வாணியம்பாடியிலும் திருப்பத்தூரிலும் கிருஷ்ணகிரியிலும் விவசாய வீட்டில் பிறந்தவர்களுக்குத் தோட்டம் தெரியாதா? வீட்டுக்காரர் எப்போது காலி செய்யச் சொல்வாரோ, சூளையில் வேலை எப்போது நிற்குமோ, குவாரி எப்போது மூடுமோ என்ற எண்ணம்தான் கையைப் பிடித்துத் தடுக்கிறது. ஒருவர் எதை நடுகிறார் என்று பார்த்தாலே, இந்த ஊரில் இத்தனை நாள் இருப்போம் என்ற உறுதி அவருக்கு எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

நானும் அந்தக் கணக்கில் அடிபட்டவள்தான். வாடகை வீட்டில் கறிவேப்பிலைக் கன்று ஒன்று வைத்தேன். மூன்றாவது வருஷம் அது தழைத்து, தெருவே வந்து பறித்துக்கொண்டு போகும் நேரத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டி வந்தது. மரத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? அடியில் முளைத்திருந்த வேர்க்கன்று ஒன்றைத் தோண்டி எடுத்து, பழைய துணியில் சுற்றிப் பாத்திர மூட்டையோடு வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு மூன்று வீடு மாறினோம். மூன்று முறையும் இதே வேலை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. இங்கே இருக்கும் பாதிப் பேருக்கு இதே கதை இருக்கும் என்பதால் சொல்கிறேன்.

நாம் யார், எப்படி இங்கே வந்தோம்

இந்தப் பகுதியில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையினர் தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருப்பவர்கள். அவர்கள் எங்கிருந்தும் வரவில்லை. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் அதில் சேர்ந்தது. ம.பொ.சி. முதலானோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டமும், பிறகு படாஸ்கர் செய்த பரிந்துரையும் உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று. குப்பமும் சாந்திபுரமும் இந்தப் பக்கம் நின்றன. அன்று முதல் இந்த வகையினர் வீட்டை விட்டு நகராமலே வெளிமாநிலத்தவர் போல ஆனார்கள்.

இன்னொரு வகையினர் வேலை தேடி வந்தவர்கள். கல் குவாரி, செங்கல் சூளை, கட்டட வேலை, பட்டுப்பூச்சி வளர்ப்பு என்று வந்தவர்கள். குப்பத்தில் அறை எடுத்துத் தங்கிக்கொண்டு விடியற்காலை ரயிலில் பெங்களூர் போய் இரவில் திரும்புகிறவர்கள். சித்தூர், திருப்பதி ஓட்டல்களிலும் கடைகளிலும் வேலை பார்ப்பவர்கள். இன்று திருப்பதியிலிருந்தும் தோழர்கள் வந்திருக்கிறார்கள். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகிவிட்டது. ஆனால் வாடகையும் வெயிலும் இரண்டு மாவட்டத்துக்கும் பொதுவாகவே இருக்கின்றன.

முதல் வகையினரில் பலருக்கு மனை உண்டு. இரண்டாம் வகையினரில் பலருக்கு இல்லை. சங்கத்துக்குள் இந்த வேற்றுமையை மறைக்காமல் பேசினால்தான் ஒருவருக்கொருவர் உதவ முடியும்.

ஒரே பானை, இரண்டு பெயர்

சமையலுக்கு வருகிறேன். வெளியூர் வந்தால் நம் சாப்பாடு கிடைக்காது என்று ஒரு பேச்சு உண்டு. டில்லிக்கும் துபாய்க்கும் போனவர்கள் அப்படிச் சொல்லலாம். சாந்திபுரத்தில் இருப்பவர்கள் சொல்ல முடியாது. நாம் கேழ்வரகுக் களி என்கிறோம். பக்கத்து வீட்டில் ராகி சங்கடி என்கிறார்கள். இரண்டும் ஒரே பானை, ஒரே துடுப்பு. நம் புளிச்சகீரை அவர்களுக்குக் கோங்கூரா. நம் சுரைக்காய் அவர்களுக்குச் சொரகாய, பீர்க்கங்காய் பீரகாய. மார்கழி, தை மாதத்தில் பச்சை மொச்சையை இரவு ஊறவைத்து, விடிந்ததும் கட்டை விரலால் தோலைப் பிதுக்கி எடுத்து நாம் வைப்பது பிதுக்கம் பருப்புக் குழம்பு. அவர்கள் அதையே பிதிகிபப்பு என்கிறார்கள். எல்லைக்கு அப்பால் கோலார்ப் பக்கம் போனால் கன்னடத்தில் ஹிதிகிதபேளே. மூன்று மாநில அரசுகள் ஆற்றுத் தண்ணீருக்கு வழக்காடுகின்றன. மூன்று மாநிலப் பெண்களும் ஒரே மொச்சையைப் பிதுக்குகிறார்கள்.

ஏன் அப்படி? நிலம் ஒன்று. செம்மண், வானம் பார்த்த பூமி, ஆழ்துளைக் கிணறு. ஆடி மாத மழைக்குக் கேழ்வரகு விதைத்து, நடுவே சால் விட்டு மொச்சை போடுவது இந்த மேட்டு நிலத்துக்கே உரிய முறை. கேழ்வரகை அறுத்த பிறகும் மொச்சை பனியில் நின்று காய்க்கும். நந்தி மலையில் பிறக்கும் பாலாறு இந்தக் குப்பம் பகுதியைக் கடந்துதான் வாணியம்பாடிப் பக்கம் போகிறது. ஆற்றோடு சேர்ந்து விதையும் சமையலும் போய்வந்த பாதை இது.

ஆகவே தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். விதையைக் கடையில் வாங்காதீர்கள். பக்கத்து வீட்டுத் தெலுங்கு அக்காவிடம் கேளுங்கள். நாமும் "அக்கா" என்கிறோம், அவர்களும் "அக்கா" என்கிறார்கள், அந்த ஒரு சொல்லுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். இந்த மண்ணுக்குப் பழகிய மொச்சை விதை, கத்தரி விதை, பீர்க்கு விதை எல்லாம் அவர்கள் வீட்டு உறியிலும் அடுக்குப் பானையிலும் இருக்கின்றன. ஒரு பிடி விதை வாங்கினால், காய்த்ததும் ஒரு கூடை காய் கொடுங்கள். கூட்டம் போட்டு ஒற்றுமை பேசுவதைவிட இது சீக்கிரம் வேலை செய்யும்.

சோறு நிறைந்தால் போதுமா?

ரேஷன் அரிசி நமக்குக் கிடைக்கிறதா என்றால், பலருக்குக் கிடைக்கலாம், கேட்பதில்லை. ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டம் 2022க்குள் எல்லா மாநிலங்களிலும் நடைமுறைக்கு வந்துவிட்டது. தமிழ்நாட்டில் முன்னுரிமைக் குடும்ப அட்டை வைத்திருப்பவர், கைரேகை வைத்து இங்குள்ள கடையிலேயே மத்திய ஒதுக்கீட்டுத் தானியத்தை வாங்கலாம். ஒருவருக்கு மாதம் 5 கிலோ. குடும்பத்தில் பாதிப் பேர் ஊரிலும் பாதிப் பேர் இங்கேயும் இருந்தால், பங்கைப் பிரித்தும் வாங்கலாம். தமிழ்நாட்டு அரசு தன் கணக்கில் கொடுக்கும் மற்றப் பொருள்கள் இங்கே கிடைக்காது. கடைக்காரர் இல்லை என்றால் சும்மா திரும்பி வராதீர்கள். சங்கத்துக்கு வந்து சொல்லுங்கள்.

ஆனால் அரிசி வயிற்றை நிரப்பும், இரத்தத்தை ஊறவைக்காது. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வு என்ன சொல்கிறது? 15 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களில், ஆந்திரத்தில் 100க்கு ஏறத்தாழ 59 பேருக்கு இரத்தச்சோகை. தமிழ்நாட்டில் 53 பேருக்கு மேல். எல்லைக்கு எந்தப் பக்கம் நின்றாலும் பாதிக்கு மேற்பட்ட பெண்கள் சோர்ந்துதான் வேலைக்குப் போகிறார்கள். கல் சுமக்கும் பெண்ணுக்கு மூச்சு வாங்கினால் "சோம்பேறி" என்கிறான் மேஸ்திரி. அவள் உடம்பில் இரத்தம் இல்லை என்பது அவனுக்குத் தெரியாது. அவளுக்கே தெரியாது.

இதற்கு வீட்டளவில் செய்யக்கூடியது உண்டு. வாரத்தில் நாலு நாளாவது கீரை வேண்டும். முருங்கைக் கீரையும் மொச்சையும் கேழ்வரகும் விட்டுப்போகக் கூடாது. கீரையோடு எலுமிச்சை பிழிந்தோ, நெல்லிக்காய் கடித்தோ சாப்பிட்டால் இரும்புச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது சேராது. ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவுதான். "களி தின்கிறவன் ஏழை" என்று பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வெட்கப்படுகிறார்களாம். எலும்புக்கு அந்த வெட்கம் கிடையாது என்று சொல்லிக் கொடுங்கள்.

ஆண் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. பெங்களூர் ரயிலைப் பிடிக்கும் பெண் நடு இரவு தாண்டியதும் எழுந்து அடுப்பு மூட்டுகிறாள். இரவில் திரும்பி வந்து மறுபடியும் அடுப்பு மூட்டுகிறாள். நடுவில் தண்ணீர் பிடிப்பதும் அவள். இதில் தோட்டத்தையும் அவள் தலையில் கட்டினால், அது அவளுக்கு மூன்றாவது ஷிப்ட். களி கிண்டத் தோள் வலு வேண்டும் அல்லவா? அந்த வலு நம்மிடம்தான் இருக்கிறது என்று சொல்கிற ஆண்கள் துடுப்பைப் பிடிக்கலாம்.

மலையகம் சொல்லும் பாடம்

இப்போது கொஞ்சம் கடல் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது. மனை இல்லாத தோட்டம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நமக்கு முன்னால் பட்டறிந்தவர்கள் இலங்கை மலையகத் தமிழர்கள்.

நூறாண்டுக்கு மேல் அவர்கள் இருந்த வீடு லயன் வரிசை. பத்துக்குப் பன்னிரண்டு அடி அளவில் ஓர் அறை, அதற்கு முன்னால் ஒரு சிறு திண்ணை. சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலை. அதில் ஓர் அடி கூட அவர்களுடையது இல்லை. லயத்து ஓரத்தில் துரை அனுமதித்தால் ஒரு பாத்தி போடலாம். அனுமதி போனால் பாத்தியும் போயிற்று. வேலை போனால் அறையும் போயிற்று. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று இரண்டு அரசுகளும் பேசி முடித்தன. அந்தக் காலத்தில் எந்த லயத்துக் குடும்பம் பலாக்கன்று நடும்?

1973, 1974ஆம் ஆண்டுகளில் இலங்கையில் கடுமையான உணவுத் தட்டுப்பாடு வந்தது. ரேஷன் குறைந்தது. கிராமத்துக் குடியானவன் வீட்டுக்குப் பின்னால் பலாவும் ஈரப்பலாவும் மரவள்ளியும் இருந்தன. அவன் அதைத் தின்று தாக்குப் பிடித்தான். லயத்துக்குப் பின்னால் தேயிலைதான் இருந்தது. தேயிலையைத் தின்ன முடியுமா? தோட்டங்களில் மரண விகிதம் ஏறியது. பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. நாட்டுக்கு அந்நியச் செலாவணி சம்பாதித்துக் கொடுத்தவர்கள்தான் அப்படிச் செத்தார்கள்.

2003இல் சட்டம் இயற்றப்பட்டு அங்கே எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை கிடைத்தது. 2015க்குப் பிறகு லயத்துக்குப் பதிலாகத் தனி வீடு, அதற்கு 7 பேர்ச் நிலம் என்ற கொள்கை வந்தது. 7 பேர்ச் என்றால் நம் கணக்கில் 4 சென்டுக்குக் கொஞ்சம் மேல். வீடு கட்டியது போக, பின்னால் நாலு பாத்தியும் ஒரு மரமும் வைக்கலாம். இன்னும் பெரும்பாலான குடும்பங்களுக்கு அது வந்து சேரவில்லை. ஆனாலும் அந்த மக்கள் எதைக் கேட்டார்கள் என்று கவனியுங்கள். கூலி உயர்வோடு சேர்த்து நிலத்தையும் வீட்டையும் கேட்டார்கள். மலேசியாவிலும் இதே கதைதான். ரப்பர்த் தோட்டங்களை வீட்டுமனைக்கும் கட்டடங்களுக்கும் விற்றபோது, தலைமுறையாக இருந்த தொழிலாளர் குடும்பங்கள் வீட்டோடு சேர்த்துக் காய்கறிப் பாத்தியையும் மாட்டுக் கொட்டகையையும் இழந்தன. பாத்தியை உழைத்துப் பண்படுத்தியதற்கு எந்தப் பத்திரமும் இல்லை.

இங்கே ஒன்றரை சென்ட்

நம் மாநிலத்துக்குத் திரும்புகிறேன். 2020 டிசம்பர் 25 முதல் ஆந்திர அரசு ஏழைகளுக்கு வீட்டுமனைப் பட்டா வழங்கியது. பட்டாவைப் பெண்கள் பெயரில் கொடுத்தார்கள். அது நல்ல செயல், பாராட்ட வேண்டும். கிராமத்தில் ஒன்றரை சென்ட், நகரத்தில் ஒரு சென்ட். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சென்ட் ஏறத்தாழ 435 சதுர அடி. ஒன்றரை சென்ட் 653 சதுர அடி. அதில் கட்டிய வீடு 340 சதுர அடி. நகரத்து மனையில் மீதி எவ்வளவு? 95 சதுர அடி. அதில் படிக்கட்டு, கழிவறைத் தொட்டி, துணி துவைக்கும் கல். முருங்கை எங்கே நிற்கும்? 2024 தேர்தலின்போது கிராமத்தில் 3 சென்ட், நகரத்தில் 2 சென்ட் என்று வாக்குறுதி கொடுக்கப்பட்டது. 3 சென்ட் என்றால் 1,306 சதுர அடி. அதில் வீடும் கட்டலாம், முருங்கையும் வாழையும் வைக்கலாம், கோழியும் வளர்க்கலாம். அந்த வாக்குறுதியை நினைவூட்டிக்கொண்டே இருப்பது நம் கடமை.

அதில் நமக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. மனை கேட்டுப் போனால் இந்த மாநிலத்துக் குடும்ப அட்டையைக் கேட்கிறார்கள். நம்மில் பலர் ஊர் அட்டையை விட மனம் இல்லாமல் வைத்திருக்கிறோம். ஊரில் பெற்றவர்கள் இருக்கிறார்கள், பொங்கல் பரிசு இருக்கிறது, என்றைக்காவது திரும்புவோம் என்ற நினைப்பும் இருக்கிறது. அந்த அட்டையை விட்டால் அங்கே இல்லை. விடாவிட்டால் இங்கே இல்லை. பதினைந்து வருஷமாக இங்கே கல் உடைத்தவர் இரண்டு இடத்திலும் ஆள் இல்லாமல் நிற்கிறார். எந்த அட்டையை வைத்துக்கொள்வது என்று நான் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு குடும்பமும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யட்டும். பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள், முதியவர்கள் எங்கே இருக்கிறார்கள், அடுத்த பத்து வருஷம் எங்கே கூலி கிடைக்கும் என்று பார்த்து முடிவு செய்யட்டும். முடிவு செய்யாமல் தள்ளிப் போடுவதுதான் நமக்கு நஷ்டம். டப்பாவில் கொத்தமல்லி போடுகிற மாதிரியே வாழ்க்கையையும் மூன்று மூன்று மாதமாக வைத்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மனை இல்லாதவர் தமிழர் மட்டுமல்ல. இதே சாந்திபுரத்தில் தெலுங்குக் கூலிக்காரர் வீட்டிலும் டப்பாவில்தான் கொத்தமல்லி முளைக்கிறது. "வெளியூரான் வந்து நம் மனையைப் பிடுங்குகிறான்" என்று அவரிடம் சொல்கிறவர்கள் உண்டு. "தெலுங்கன் நமக்குத் தர மாட்டான்" என்று நம்மிடம் சொல்கிறவர்களும் உண்டு. இருவரையும் நம்பாதீர்கள். இரண்டு வீட்டாரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டு, ஒன்றாக மண்டல அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

பெயர் மட்டும் மிஞ்சிய இடம்

தோட்டம் போட்டால் போதும், மொழி தானாக நிற்கும் என்று நினைக்க வேண்டாம். ரீயூனியன் தீவுக்கும் மொரீசியஸுக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்கு நம்மவர்கள் போனார்கள். மடியில் விதையும் கொண்டு போனார்கள். இன்றும் ரீயூனியனில் கறிவேப்பிலைக்குக் "கலுப்பிலே" என்றும், மொரீசியஸில் "கரிப்புலே" என்றும் பெயர். முருங்கைக்கும் நம் பெயர்தான். வீட்டுக் கொல்லையில் மரம் நிற்கிறது, தீ மிதிக்கும் திருவிழா நடக்கிறது. ஆனால் ரீயூனியனில் தமிழ் பேசும் வீடு அரிதாகிவிட்டது. பிரெஞ்சும் கிரியோலும்தான் வீட்டு மொழி. பள்ளிக்கூடம் கைவிட்ட மொழியைக் கறிவேப்பிலை மரம் எத்தனை காலம் தாங்கும்?

நாம் இருப்பது கடல் தாண்டிய தீவு அல்ல. 1997இல் திராவிட மொழிகளுக்கென்று ஒரு பல்கலைக்கழகத்தையே நிறுவிய குப்பம் பக்கத்தில் இருக்கிறது. அப்படியிருந்தும் நம் பிள்ளை பஸ்ஸின் தமிழ்ப் பலகையைப் படிக்கத் திணறினால் குற்றம் யாருடையது? தெலுங்கை நன்றாகப் படிக்கட்டும்; அது சோறு போடும் மொழி. ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு மணி நேரம், பாத்தி ஓரத்தில் உட்காரவைத்து, "இது அவரை, இது அகத்தி" என்று எழுதிப் பழக்குங்கள். எழுத்துக்கும் வேர் பிடிக்கக் காலம் வேண்டும்.

செய்ய வேண்டியவை

முடிக்கும் முன் நாலு செய்தி.

முதலாவது, இப்போதே செய்யக்கூடியது. பாத்திரம் கழுவும் தண்ணீரையும் அரிசி கழுவும் தண்ணீரையும் சாக்கடையில் விடாதீர்கள். அரிசித் தண்ணீர் கீரைக்கு. சோப்புத் தண்ணீரைக் கீரைக்கு விடக் கூடாது. ஒரு குழி வெட்டி அதில் வாழையோ சேம்போ வைத்தால் அது குடித்துக்கொள்ளும். தண்ணீருக்குக் குடம் தூக்கும் ஊரில் ஒரு சொட்டையும் இரண்டு முறை பயன்படுத்த வேண்டும்.

இரண்டாவது, வாடகை வீட்டிலும் முருங்கை நடுங்கள். ஆம், அந்த அம்மாவுக்கு நான் சொன்ன பதில் அதுதான். சுவரிலிருந்து ஆறடி தள்ளி, மூன்றடிப் போத்து ஒன்றை வைத்தால் ஓராண்டில் கீரை கிடைக்கும். நாம் போன பிறகு வருகிறவரும் நம்மைப் போல ஒரு கூலிக்காரராகத்தான் இருப்பார். எவனோ தின்னட்டும். நாம் அடுத்துப் போகும் வீட்டில் வேறு யாராவது நமக்காக நட்டு வைத்திருக்கட்டும். சங்கத்தில் இருக்கும் எல்லாரும் நட்டால் இது நடக்கும்.

மூன்றாவது, மனை உள்ள குடும்பங்கள் மனை இல்லாதவர்களுக்கு நாற்றும் விதையும் கொடுக்க வேண்டும். முருங்கை வீட்டு அம்மா போத்து வெட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கூட்டம் முடிந்ததும் போய் வாங்கிக்கொள்ளுங்கள்.

நாலாவது, வீட்டுமனை மனு. வாக்குறுதி கொடுத்த அளவு நிலம், பெண் பெயரில் பட்டா, வேலைக்கு வந்து பல ஆண்டு குடியிருப்பவருக்கும் உரிமை. இந்த மூன்றையும் கேட்டுத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதிய மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் படித்துக் காட்டட்டும்.

அடுத்த ஆண்டு இதே நாளில் மறுபடியும் என்னை அழைத்தால், அப்போதும் முதலில் உங்கள் வாசல்களைத்தான் பார்ப்பேன். இன்று பார்த்தது ஒரே ஒரு முருங்கை.